மூன்றாவது கியர் விழாத புல்லட்: பெட்டியை மறுபடி பிரிக்க வேண்டுமா?

வாசகர் கேள்வி: என்னிடம் 1976 மாடல் புல்லட் 350 இருக்கிறது. பல வருடம் ஓடாமல் நின்ற வண்டி. கியர் பாக்ஸை முழுதாகப் பிரித்து, ஷெல்லை மணல் அடித்துச் சுத்தம் செய்து, ஸ்லீவ் கியர் புஷ், லே ஷாஃப்ட் புஷ், பேரிங், சீல், ராட்செட் ஸ்பிரிங் எல்லாம் புதிதாகப் போட்டுப் பூட்டினேன். பழைய கியர்களையே போட்டிருக்கிறேன். இப்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு மிதித்தால் பாதி நேரம் நியூட்ரல் போலச் சும்மா சுற்றுகிறது. டாப்பிலிருந்து (நான்காவது) மூன்றுக்குத் தூக்கினால் மூன்றில் நிற்காமல் தாண்டிவிடுகிறது. சில சமயம் லீவர் நடுவுக்குத் திரும்பாமல் தொங்குகிறது. பத்து கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் சிக்னலில் நியூட்ரல் கிடைப்பதில்லை. முதல் கியர் 'டக்'கென்று இடித்து விழுகிறது. ஓடும்போது குதிகால் லீவரை அமுக்கினால் மட்டும் நியூட்ரல் சுத்தமாக வருகிறது. பெட்டியில் வீல் பேரிங் கிரீஸ் நிரப்பியிருக்கிறேன். மெக்கானிக் முழு கியர் செட்டையும் மாற்றச் சொல்கிறார். மாற்றவா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: மாற்றாதீர்கள். கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், குதிகால் லீவர் ஒழுங்காக வேலை செய்கிறது என்று. பாதி விடை அதிலேயே இருக்கிறது.

உங்கள் வண்டியில் இருப்பது ஆல்பியன் வகை நான்கு கியர் பெட்டி. இங்கிலாந்தில் உருவானது, 1955-ல் சென்னையில் புல்லட் கட்டத் தொடங்கிய பிறகு பல பத்தாண்டுகள் அதே அமைப்பில்தான் வந்தது. இதைச் சரிபார்க்கும்போது இரண்டு பாகமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வலப்பக்க வெளிக் கவருக்குள் இருப்பது கால் அசைவை ஒரு கியர் தூரமாக அளந்து கொடுக்கும் ராட்செட். அதற்கு அடுத்த உள் கவருக்குப் பின்னால் ராட்செட் திருப்பும் ஆப்பரேட்டர், அதன் அசைவில் கியர்களைப் பக்கவாட்டில் நகர்த்தும் ஃபோர்க், ஷாஃப்டுகள், கியர்கள். குதிகால் லீவர் ராட்செட்டைத் தொடுவதே இல்லை. ஆப்பரேட்டரை நேராகப் பிடித்து நியூட்ரலுக்குத் தள்ளுகிறது. அதனால்தான் இரண்டு, மூன்று, நான்கு எதிலிருந்து அமுக்கினாலும் ஒரே மிதியில் நியூட்ரல் வருகிறது. டாப்பிலிருந்து அமுக்கும்போது ஆப்பரேட்டர் மூன்றையும் இரண்டையும் கடந்துதான் நியூட்ரலுக்கு வரும். அந்தப் பயணம் தடையில்லாமல் நடக்கிறதென்றால் ஃபோர்க் வளையவில்லை, நகரும் கியர்கள் ஷாஃப்டில் இறுகவில்லை. அதாவது உங்கள் முதல் மூன்று தொல்லைகளும் பெரும்பாலும் வெளிக் கவருக்குள்ளேயே இருக்கின்றன. நான்காவது வேறு கதை, பிறகு வருகிறேன்.

உறுதி செய்துகொள்ள அரை மணி நேர வேலை போதும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வையுங்கள். கிக்கர், கியர் லீவர், குதிகால் லீவர், கியர் காட்டும் முள், கிளட்ச் கேபிள் இவற்றை எடுத்துவிட்டு வெளிக் கவரின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். கவரை இழுக்கும்போது கிக்கர் ஷாஃப்டை உள்பக்கம் அழுத்திப் பிடித்திருங்கள். அது கூடவே வெளியே வந்துவிடக் கூடாது. ஸ்க்ரூக்களின் நீளம் வேறு வேறாக இருக்கும். ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வைத்தால் பூட்டும்போது திணற வேண்டியதில்லை. மரைகள் அங்குல அளவு, அதனால் தொலைந்த ஸ்க்ரூவுக்குப் பதில் மெட்ரிக் ஸ்க்ரூவை முறுக்கி ஏற்றாதீர்கள். அலுமினியம் மரை ஒரே தடவையில் போய்விடும்.

இப்போது ஆப்பரேட்டர் ஷாஃப்டின் முனை கைக்கு எட்டும். அதை லீவராலோ ஸ்பேனராலோ மெதுவாகத் திருப்பியபடியே இன்னொருவரைப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லுங்கள். சக்கரத்தை ஆட்டாமல் கியர் மாற்றிப் பார்த்து, 'விழவில்லை' என்று பதறுகிறவர்கள்தான் அதிகம். கியரின் பக்கவாட்டில் இருக்கும் டாக் பற்கள் நேருக்கு நேர் முட்டி நின்றால் எவ்வளவு நல்ல பெட்டியிலும் கியர் விழாது. வலுவாகத் தள்ளினால் ஃபோர்க்தான் வளையும். சக்கரம் அசைய அசைய ஒவ்வொரு கியரும் 'கிளிக்'கென்று குழியில் உட்கார வேண்டும். ஒன்று, நியூட்ரல், இரண்டு, மூன்று, நான்கு என்று ஐந்து இடத்தையும் கையால் உணர முடிந்தால் உள்பக்கம் நன்றாக இருக்கிறது. 'கிளிக்' மந்தமாக, மாவில் விரல் அழுந்துவதுபோல் இருந்தால், கியரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் பிளஞ்சரைச் சந்தேகியுங்கள். மணல் அடித்த ஷெல் என்பதால் அதன் துளையில் மணலோ பெயிண்டோ தங்கியிருக்க நிறைய வாய்ப்புண்டு. பிளஞ்சரைக் கழற்றித் துடைத்து, துளைக்குள் விரலால் தள்ளிப் பாருங்கள். தன் போக்கில் வழுக்கி இறங்க வேண்டும். முனை தட்டையாகத் தேய்ந்திருந்தால் பிளஞ்சரை மாற்றுங்கள், ஸ்பிரிங்கையும் சேர்த்தே. அதற்காக வாஷர் போட்டு ஸ்பிரிங்கைக் கூடுதலாக இறுக்கும் வழக்கம் ஒன்று உண்டு, செய்யாதீர்கள். கியர் மாற்ற யானைக் கால் வேண்டியிருக்கும், ராட்செட் சீக்கிரம் தேயும்.

கையால் எல்லா கியரும் விழுந்துவிட்டதா? அப்படியானால் கவரை மேசைக்குக் கொண்டு போங்கள்.

கவரின் உள்பக்கம் ராட்செட்டுக்கு அருகில், இரண்டு நட்டுகளால் பிடிக்கப்பட்ட ஒரு தகடு தெரியும். அட்ஜஸ்டர் பிளேட் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். அதன் துளைகள் நீள்துளைகள். நட்டைத் தளர்த்தினால் தகடு நகரும். ராட்செட் வளையத்தில் இருக்கும் முளைகள் இந்தத் தகட்டில் போய் இடிக்கிற இடம்தான் உங்கள் காலின் எல்லை. மிதிக்கும்போது எவ்வளவு தூரம், தூக்கும்போது எவ்வளவு தூரம் என்பதைத் தகடு நிற்கும் இடம் தீர்மானிக்கிறது.

உங்கள் கடிதத்தில் இரண்டு தனி நோய்களாக எழுதியிருப்பதை இப்போது சேர்த்துப் பாருங்கள். மிதிக்கும்போது கியர் பாதியில் நிற்கிறது. அந்தப் பக்கம் தூரம் குறைவு. தூக்கும்போது கியரைத் தாண்டிவிடுகிறது. இந்தப் பக்கம் தூரம் அதிகம். ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் கூடியிருக்கிறதென்றால் தகடு நடுவிலிருந்து விலகி நிற்கிறது என்று பொருள். கழற்றும்போது அடையாளக் கோடு போடாமல் எடுத்து, கண்ணளவில் பூட்டியிருப்பீர்கள். இரண்டு நோய்க்கும் மருந்து ஒன்றுதான்.

சரிசெய்யும் முறை இது. முதலில் தகடு இப்போது நிற்கும் இடத்தைக் கூர்மையான ஊசியால் கீறி அடையாளம் செய்யுங்கள். இரண்டு நட்டையும் தகடு தட்டினால் நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். கியர் லீவரை ஷாஃப்டில் மாட்டி, நடுநிலையிலிருந்து கீழே எவ்வளவு அசைந்தபின் ராட்செட் பல் கடிக்கிறது, மேலே எவ்வளவு அசைந்தபின் கடிக்கிறது என்று லீவர் நுனியில் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய சமமாக வரும்வரை தகட்டை நகர்த்துங்கள். ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். லீவர் நுனியில் அது பல மடங்காகத் தெரியும். நட்டை இறுக்கும்போது தகடு கூடவே திரும்பிக்கொள்ளும், அதனால் இறுக்கியபின் மறுபடி அளந்து பார்க்காமல் விடாதீர்கள். பிறகு கவரைப் பூட்டி, சக்கரத்தை ஆட்டியபடி லீவரால் மேலும் கீழும் நான்கைந்து சுற்று மாற்றிப் பாருங்கள். கவரை இரண்டு மூன்று தடவை கழற்றிப் பூட்ட வேண்டி வரலாம். அலுப்பான வேலைதான், ஆனால் செலவு ஒரு பேக்கிங் மட்டுமே.

தகட்டை நடுவில் நிறுத்தியபின்னும் இரண்டு பக்கமும் தூரம் போதவில்லை, மிதித்தாலும் தூக்கினாலும் கியர் பாதியில் நிற்கிறது என்றால், அப்போதுதான் அரம் எடுக்க வேண்டும். முளைகள் இடிக்கும் இடத்தில் மட்டும், இரண்டு பக்கமும் சமமாக, மெல்லிய அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு. பூட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு இழுப்பு. மாறாக, இரண்டு பக்கமும் கியரைத் தாண்டுகிறது என்றால் அரத்துக்கு அங்கே வேலை இல்லை, வேறு தகடு வாங்க வேண்டும். பழைய தகட்டில் வெல்டிங் வைத்துத் தேய்த்துக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு. அந்த வெல்டிங் சீக்கிரமே குழிந்து பழைய நிலைக்கு வந்துவிடும். உங்கள் அறிகுறிக்கு இரண்டுமே தேவைப்படாது என்றே நினைக்கிறேன். நகர்த்திப் பார்ப்பதற்கு முன்பே யாராவது அரத்தோடு வந்தால் கவரை மூடி வைத்துவிடுங்கள். தேய்த்த உலோகம் திரும்பி வராது.

லீவர் தொங்குவதையும் கவர் கையில் இருக்கும்போதே பாருங்கள். மிதித்துவிட்டால் தானாக நடுவுக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் முதலில் லீவர் ஷாஃப்டைக் கழற்றி, கவரில் அது நுழையும் துளையைத் துடையுங்கள். பாலிஷ் போட்ட கவர்களில் பாலிஷ் மெழுகு இங்கேதான் தங்கிக் கட்டியாகும். ஷாஃப்டில் துரு இருந்தால் நைஸ் எமரி ஷீட்டால் எடுத்து, ஒரு சொட்டு ஆயில் விட்டு மாட்டுங்கள். அதன்பின்னும் தொங்கினால் நீங்கள் புதிதாகப் போட்ட ஸ்பிரிங்குதான். பழையதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கம்பியின் கனம், கால்கள் விரியும் கோணம் இரண்டும் ஒத்திருக்க வேண்டும். சந்தையில் கிடைக்கும் நகல் ஸ்பிரிங்குகளில் கோணம் மாறியிருப்பது சகஜம். பழைய ஸ்பிரிங் உடையவில்லை, தளரவில்லை என்றால் அதையே திரும்பப் போடுங்கள். லீவர் முழுதாக நடுவுக்கு வராதபோது அடுத்த மிதி குறைப் பயணமாகிவிடும், அதுவும் மூன்றாவது கியர் விழாமல் போக ஒரு காரணம். ஆகவே தகட்டைச் சரிசெய்வதற்கு முன்பே லீவர் திரும்புவதைச் சரிசெய்துவிடுங்கள். வரிசை மாறினால் தகடு தப்பான இடத்தில் போய் நிற்கும்.

நான்காவது தொல்லைக்கு வருவோம். சூடானதும் நியூட்ரல் கிடைக்காமல் போவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: கிளட்ச் முழுதாக விடவில்லை, அல்லது நீங்கள் போட்ட ஸ்லீவ் கியர் புஷ் (ஷாஃப்ட் சுழலும் வெண்கல வளையம்) மெயின் ஷாஃப்டைக் கவ்வுகிறது. முதலாவது தொல்லை மட்டும் தரும், இரண்டாவது ஆபத்து. பின்சக்கரச் செயினின் ஸ்ப்ராக்கெட்டைத் தாங்கும் குழல்போன்ற ஸ்லீவ் கியருக்குள்தான், கிளட்ச்சிலிருந்து வரும் மெயின் ஷாஃப்ட் ஓடுகிறது. டாப் கியரில் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சேர்ந்தே சுற்றும். மற்ற கியர்களிலும் நியூட்ரலிலும் வேறு வேறு வேகத்தில் சுற்றும். வெண்கல புஷ்ஷை அழுத்தி ஏற்றும்போது அதன் உள்விட்டம் சுருங்கும். அதன்பிறகு ரீமர் (துளையைச் சீவும் கருவி) போட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும், இரண்டு புஷ்ஷையும் ஒரே ஓட்டத்தில். கடையிலிருந்து வந்தபடியே ஏற்றிவிட்டால் குளிர்ந்திருக்கும்போது சுற்றும், சூடேறியதும் கவ்வும். ஒருவேளை இரண்டாவது கியரில் ஓடும்போது புஷ் முழுதாகச் சிக்கிக்கொண்டால், பெட்டி ஒரே நேரத்தில் இரண்டிலும் டாப்பிலும் விழுந்ததுபோல் ஆகிவிடும். பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். எனவே கீழே சொல்லும் சோதனையை முடிக்காமல் நெடுஞ்சாலையில் ஏற்றாதீர்கள்.

வண்டியைத் தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டிச் சூடாக்குங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, குதிகால் லீவரால் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, எஞ்சினை அணையுங்கள். கிளட்ச் லீவரைத் தொடாமல் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மெயின் ஷாஃப்டை எஞ்சின் பிடித்திருக்கிறது. சக்கரத்தோடு ஸ்லீவ் கியர் அதன்மேல் சுற்றுகிறது. நீங்கள் உணர்வது நேராக அந்தப் புஷ்ஷைத்தான். பிரேக் உரசுகிறதா என்ற சந்தேகம் வராமலிருக்கச் செயினைக் கழற்றி, ஸ்ப்ராக்கெட்டை மட்டும் சுற்றிப் பார்ப்பது இன்னும் நல்லது. காலையில் குளிர்ந்திருந்தபோது சுற்றியதைவிடச் சூட்டில் தெளிவாக இறுக்கமாக இருந்தால் குற்றவாளி புஷ்தான். ஒரே மாதிரி லேசாகச் சுற்றினால் கிளட்ச்.

கிளட்ச் என்றால் பயமில்லை. கேபிளை முழுதாகத் தளர்த்தி, பெட்டியின் பக்கமிருக்கும், கிளட்ச்சைத் தள்ளும் கம்பியான புஷ் ராடின் அட்ஜஸ்டரில் மிகச் சிறிய இடைவெளி வைத்து லாக் நட்டை இறுக்குங்கள். பிறகு கேபிளில் கைலீவர் நுனியில் 2 முதல் 3 மி.மீ. ஆட்டம் வையுங்கள். பலர் கேபிளை மட்டுமே இறுக்கிக்கொண்டே போவார்கள். உள்ளே லீவரின் கோணம் கெட்டுப்போய் எவ்வளவு பிடித்தாலும் பிளேட் விலகாது. சரிசெய்தபின்னும் விடவில்லையென்றால் பிரைமரி கவரைத் திறந்து, கிளட்ச்சைப் பிடித்தபடி கிக்கரை மெதுவாக மிதியுங்கள். பிரெஷர் பிளேட் கோணலாகத் தள்ளாடினால் ஸ்பிரிங் ஸ்க்ரூக்கள் சமமாக இறுகவில்லை. அதிகம் எழும்பும் பக்கத்து ஸ்க்ரூவை அரைச் சுற்று இறுக்கி, மறுபடி பாருங்கள். எஃகு பிளேட்டுகளைக் கண்ணாடிமேல் வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பார்த்து, 0.2 மி.மீ.க்கு மேல் வளைந்ததை மாற்றுங்கள். பிளேட்டின் காதுகள் அவற்றைத் தாங்கும் கிளட்ச் கூடையில் பள்ளம் போட்டிருந்தால், பள்ளத்தின் ஓரங்களை அரத்தால் சமப்படுத்துங்கள்.

புஷ் என்றால் உள்ளே போகத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் அந்தக் கிரீஸை வெளியே எடுங்கள். வீல் பேரிங் கிரீஸ் கெட்டியானது. கியர் பற்கள் அதில் தமக்கென்று ஒரு குகை குடைந்துகொண்டு, அதற்குள் வெறுமனே சுற்றும். எறியப்பட்ட கிரீஸ் சுவரில் ஒட்டிக்கொண்டு திரும்பி வராது. ஸ்லீவ் புஷ்ஷின் குறுகலான இடைவெளிக்குள் அது நுழையவே நுழையாது. சரியாக ரீமர் போட்ட புஷ்கூட இந்தக் கிரீஸில் உலர்ந்து சூடேறும். இந்தப் பெட்டிக்கு 00 வகை அரைத்திரவ கிரீஸ் பொருந்தும்; சூட்டில் தேன்போல் ஓடும், கசிவும் குறைவு. சீல்கள் எல்லாம் புதிது என்பதால் உங்களுக்கு 90 நம்பர் கியர் ஆயிலும் சரிப்படும். ஸ்ப்ராக்கெட் பக்கம் சொட்டினால் இரண்டையும் கலக்கலாம். அளவுக்குறியைத் தாண்டி நிரப்பாதீர்கள். மிச்சமெல்லாம் கிளட்ச் புஷ் ராடு வழியாகக் கிளட்ச்சுக்குள் போய்ச் சேரும். மணல் அடித்த ஷெல் என்பதால் முதல் 100 கிலோமீட்டரில் ஒரு தடவை வடித்து, வெள்ளைத் துணியில் தடவிப் பாருங்கள். நறநறவென்றால் உள்ளே மணல் இருக்கிறது. வெண்கலத்தில் புதைந்த மணல் ஷாஃப்டை அரம்போல் அறுக்கும்.

கிரீஸை மாற்றியபின்னும் சூட்டில் இறுகினால் மெயின் ஷாஃப்டை எடுக்க வேண்டும். கியர் பெட்டியை எஞ்சினிலிருந்து பிரிக்கத் தேவையில்லை, எல்லாம் வலப்பக்கமாக வரும். ஆனால் இடப்பக்கத்தில் கிளட்ச் வெளியே வந்தாக வேண்டும். பிரைமரி செயின் இணைப்பில்லாத வளையம் என்பதால் ஆல்டர்னேட்டரை எடுத்தபின் எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டும் கிளட்ச்சும் செயினோடு ஒன்றாக வரும். இரண்டுக்கும் புல்லர் வையுங்கள், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் கூடை கோணும். ஸ்லீவ் கியரையும் எடுக்க வேண்டியிருப்பதால் ஸ்ப்ராக்கெட் நட்டின் பூட்டு ஸ்க்ரூவை முதலில் கழற்றுங்கள். அந்த நட்டு இடக்கை மரை. வழக்கமான பக்கம் பலத்தைப் போட்டால் இன்னும் இறுகும்.

லேத் பட்டறைக்குப் போகும்போது ஸ்லீவ் கியரோடு மெயின் ஷாஃப்டையும் கொண்டு போங்கள். புத்தக அளவைவிட உங்கள் தேய்ந்த ஷாஃப்டின் அளவுதான் முக்கியம். சுமார் 0.05 மி.மீ. இடைவெளி கேளுங்கள். ஆயில் தடவி, ஸ்லீவ் கியரைச் செங்குத்தாகப் பிடித்தால் ஷாஃப்ட் தன் எடையிலேயே மெதுவாக இறங்க வேண்டும். ஆட்டினால் 'லொடலொட' என்று இருக்கக் கூடாது.

பெட்டி திறந்திருக்கும்போது டாக் பற்களையும் பார்த்துவிடுங்கள். கியர் செட் மாற்ற வேண்டுமா என்பதற்கு விடை அங்கேதான். பற்களின் மூலை கூர்மையாக இருந்தால் நல்லது. சற்று மழுங்கியிருந்தால் ஓட்டலாம். தாங்கும் முகம் பளபளவென்று சரிந்து, மூலை உருண்டிருந்தால் ஆக்சிலேட்டரை மூடும்போது கியர் துள்ளி வெளியே வரும். அப்போதும் அந்த ஜோடியை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் ஜோடியாகத்தான், தேய்ந்ததோடு புதியதைச் சேர்த்தால் புதியதும் அதே வடிவத்துக்குத் தேயும். ஓடும்போது கியர் துள்ளுவதாக நீங்கள் எழுதவில்லை. அதனால்தான் செட் வேண்டாம் என்றேன். புதிய செட்டைவிட, சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய அசல் கியர்கள் பல சமயம் மேல், மூலைகளை வெளிச்சத்தில் பார்த்து வாங்கத் தெரிந்தால்.

உள் கவரைப் பூட்டும்போது ஸ்க்ரூக்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இறுக்கி, ஒவ்வொரு இறுக்கத்துக்கும் மெயின் ஷாஃப்டை விரலால் சுற்றிப் பாருங்கள். இறுக்க இறுக்கச் சுற்றுவது கடினமானால், மெயின் ஷாஃப்டுக்கு இணையாக ஓடும் லே ஷாஃப்டுக்கு நீளவாக்கில் ஆட்டம் இல்லை: புதிய புஷ்ஷின் விளிம்பு கனமாக இருக்கிறது, அல்லது முழுதாக உட்காரவில்லை. விரலால் தள்ளினால் உணரும் அளவு, 0.1 முதல் 0.25 மி.மீ. இருந்தால் நல்லது. தடித்த பேக்கிங் வைத்து ஆட்டத்தை உண்டாக்காதீர்கள். ஃபோர்க்குக்கும் ராட்செட்டுக்கும் இடையிலான அளவும் சேர்ந்து மாறி, தகட்டை மறுபடி முதலிலிருந்து நகர்த்த வேண்டியிருக்கும். புஷ்ஷின் விளிம்பைத் தேய்த்துக் குறைப்பதுதான் முறை.